தூக்கு எந்திர பிரேக்கும் காற்றுக் குளிரூட்டலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேன், ஹாய்ஸ்ட், விஞ்ச் இவற்றின் பிரேக் சூடாவது பற்றியும் அந்தச் சூட்டைக் காற்றால் இறக்குவது பற்றியும் பராமரிப்பு ஆட்களும் ஆபரேட்டர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் பேச்சு “எவ்வளவு பெரிய ஃபேன் வைக்கலாம்?” என்றுதான் தொடங்கும். அதற்கும் பதில் கீழே உண்டு. ஆனால் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் ஃபேன் வாங்குவது பல நேரம் வீண்செலவு.

கணக்குகளுக்கெல்லாம் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: 10 டன் சுமை, 10 மீட்டர் உயரம், வினாடிக்கு 0.2 மீட்டர் வேகம். மோட்டார் தண்டில் 400 மி.மீ. விட்டத்தில், சுமார் 40 கிலோ எடையில் ஒரு வார்ப்பிரும்பு பிரேக் டிரம். உங்கள் எந்திரத்தின் எண்களைப் போட்டு நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பிரேக் சூடாவதற்கு உண்மையான காரணம் என்ன?

மேலே இருக்கும் சுமைக்குள் ஆற்றல் இருக்கிறது. கீழே இறங்கும்போது அது எங்காவது போய்ச் சேர வேண்டும். பிரேக்கை உரசியபடியே சுமையை இறக்கினால் அது அத்தனையும் வெப்பமாகிறது.

10 டன்னை 10 மீட்டர் இறக்கினால் 981 கிலோஜூல். அதை வினாடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் 50 வினாடியில் இறக்குகிறோம் என்றால், அந்த 50 வினாடியும் பிரேக்குக்குள் ஏறக்குறைய 20 கிலோவாட் பாய்கிறது. லைனிங் (டிரம்மைப் பிடிக்கும் ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டை) வெப்பத்தை எளிதில் கடத்தாது; அதனால் பெரும்பங்கு டிரம்முக்குத்தான் போகும். 40 கிலோ இரும்பு அந்த வெப்பத்தை முழுதாக வாங்கினால் ஒரே இறக்கத்தில் சுமார் 50 டிகிரி ஏறும். இரண்டாவது சுமையும் உடனே இறங்கினால் 100. நான்காவதில் 200. இது சராசரிக் கணக்கு. உரசும் மேற்பரப்பு அந்த நேரத்தில் இதைவிட அதிகமாகவே கொதித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் கிரேனில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதிலும் பிரேக் சூடாகுமா?

ஆகக் கூடாது. இன்வெர்ட்டர் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) உள்ள கிரேனில் இறங்கும் சுமையைப் பிடித்து வருவது மோட்டார். வேகம் பூச்சியத்துக்கு வந்த பிறகுதான் பிரேக் மூட வேண்டும். அதன் வேலை பிடித்து வைப்பது மட்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே எமர்ஜென்சி ஸ்டாப் அடித்தால்கூட எவ்வளவு வெப்பம் வரும் என்று பார்ப்போம். வினாடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் இறங்கும் 10 டன்னின் இயக்க ஆற்றல் வெறும் 200 ஜூல். கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள். மோட்டார் ரோட்டரும் பிரேக் டிரம்மும் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் சுழல்வதில்தான் ஆற்றல் இருக்கிறது. இரண்டின் நிலைமத் திருப்புத்திறன் சேர்ந்து 1.5 கிலோகிராம் சதுர மீட்டர் என்று வைத்தால் 18 கிலோஜூலுக்கு மேல். நிற்பதற்குள் சுமை இன்னும் ஐந்து சென்டிமீட்டர் இறங்கும். அதற்கு 5 கிலோஜூல். மொத்தம் சுமார் 24. டிரம்மின் சூடு ஒரு டிகிரிக்குச் சற்று மேல் ஏறும், அவ்வளவுதான்.

ஆகவே இன்வெர்ட்டர் கிரேனில் பிரேக் கைவைக்க முடியாதபடி சுட்டால் அது குளிரூட்டல் பிரச்சினை இல்லை, கோளாறு. தேட வேண்டிய இடங்கள் சில. ஷூ முழுதாக விலகாமல் உரசிக்கொண்டே இருக்கலாம். மோட்டார் நிற்பதற்கு முன்பே பிரேக் மூடும்படி நேரம் செட் ஆகியிருக்கலாம். புறப்படும்போது பிரேக் தாமதமாகத் திறக்க, மோட்டார் அதை இழுத்துக்கொண்டு ஓடலாம். பிரேக்கைத் தள்ளித் திறக்கும் த்ரஸ்டரில் எண்ணெய் குறைந்து முழு வீச்சு வராமல் இருக்கலாம். அப்புறம், நான் முதலில் சந்தேகப்படுவது ஒன்று உண்டு: ஆபரேட்டர் எமர்ஜென்சி ஸ்டாப்பையே சாதாரண ஸ்டாப்பாகப் பயன்படுத்துவது. ஒரு தடவைக்கு ஒரு டிகிரிதான் என்றாலும் ஷிப்ட் முழுக்க அதே பழக்கம் என்றால் சூடு சேர்ந்துகொண்டே போகும், லைனிங்கும் தேயும்.

இப்படிப்பட்ட பிரேக்குக்கு ஃபேன் வைத்தால் கோளாறு மறைந்து நிற்கும், சரியாகாது.

அப்படியானால் அந்த 20 கிலோவாட் எங்கே போகிறது?

கியர்பாக்ஸ் உராய்வில் போனது போக மீதி, மோட்டார் வழியாகத் திரும்பி வந்து பிரேக்கிங் ரெசிஸ்டர் பெட்டியில் எரிகிறது. மின்சாரத்தைத் திரும்ப லைனுக்கே அனுப்பும் வகை இன்வெர்ட்டர் என்றால் அங்கே போகும். ரெசிஸ்டர் பெட்டிக்கும் காற்று தேவை. கம்பிவலைப் பெட்டியின் மேல் தூசி விழுகிறதே என்று தகரத்தைப் போட்டு மூடி வைப்பவர்கள் உண்டு. பிரேக்கைக் காப்பாற்றி ரெசிஸ்டரை எரிப்பதில் லாபம் எதுவும் இல்லை.

காற்று எவ்வளவு சூட்டை எடுத்துச் செல்லும்?

மூன்று விஷயங்களைப் பொறுத்தது: காற்றுபடும் பரப்பு, டிரம்முக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம், காற்று நகரும் வேகம். மூன்றாவதைப் பொறியாளர்கள் வெப்பப் பரிமாற்றக் குணகமாகச் சொல்வார்கள். அசையாத காற்றில் நிற்கும் டிரம்முக்கு அது ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 5 முதல் 10 வாட். டிரம் தானே சுழன்றால் 20, 30 வரை போகலாம். நல்ல ஃபேன் காற்றை நேராக மேலே அடித்தால் 60, இன்னும் கூட.

400 மி.மீ. டிரம்மின் வெளிப்புறம், உட்புறம், பக்கத் தட்டு எல்லாம் சேர்த்தால் அரை சதுர மீட்டர் வரும். டிரம் சுற்றுக்காற்றைவிட 150 டிகிரி சூடாக இருக்கிறது, குணகம் 20 என்றால் வெளியேறுவது 1,500 வாட். ஃபேன் போட்டு 60 ஆக்கினால் 4,500 வாட்.

உள்ளே வந்த 20 கிலோவாட்டுக்குப் பக்கத்தில் இந்த இரண்டையும் வைத்துப் பாருங்கள். எந்த ஃபேனும் இறக்கம் நடக்கும் நேரத்தில் சூடு ஏறுவதைத் தடுப்பதில்லை. இரண்டு இறக்கங்களுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் அது வேலை செய்கிறது. முழு இறக்கமும் பிரேக்கிலேயே நடந்தால், ஃபேன் இல்லாமல் 11 நிமிடத்துக்கு ஒரு சுமை. ஃபேனோடு மூன்றரை நிமிடம் சொச்சத்துக்கு ஒரு சுமை. அதைவிட அடிக்கடி இறக்கினால் டிரம்மின் சூடு அந்த 150 டிகிரி வித்தியாசத்தைத் தாண்டிக்கொண்டே போகும்.

இரும்பைக் கூட்டுவதா, காற்றைக் கூட்டுவதா?

டிரம்மின் எடை ஒரு தொட்டி. காற்று அதன் அடியில் உள்ள குழாய். ஒரே நேரத்தில் கொட்டும் நீரைத் தாங்க வேண்டுமானால் தொட்டி பெரிதாக வேண்டும். நாள் முழுக்க விட்டு விட்டு வரும் நீர் வழியாமல் இருக்க வேண்டுமானால் குழாய் பெரிதாக வேண்டும்.

அபூர்வமாக நிறுத்தும், ஆனால் நிறுத்தும்போது பெரிய ஆற்றலை விழுங்க வேண்டிய பிரேக்குக்கு (சுரங்க ஹாய்ஸ்ட்டின் அவசர பிரேக் மாதிரி) கனமான டிஸ்க்தான் தேவை. ஃபேனால் அங்கே பயன் மிகக் குறைவு. நிமிடத்துக்கு நிமிடம் உரசும் பிரேக்குக்குக் காற்று தேவை. இரண்டும் வேண்டிய இடங்களும் உண்டு. ஆனால் எடையைக் கூட்டினால் மோட்டார் தண்டின் நிலைமமும் கூடும் என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு தடவை புறப்படும்போதும் நிற்கும்போதும் அதையும் சேர்த்துச் சுழற்றி நிறுத்த வேண்டும்.

நம் டிரம் குளிர்வதற்கான காலமும் இதே எண்களிலிருந்து கிடைக்கும். சுழன்றுகொண்டிருக்கும் டிரம்மின் சூடு, ஃபேன் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஃபேனோடு 11 நிமிடம்.

ஃபேன் அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் சராசரி வெப்பம். ஒரு மணி நேரத்தில் எத்தனை இறக்கம், ஒவ்வொன்றிலும் பிரேக்குக்குள் எத்தனை கிலோஜூல் என்று பெருக்கி 3,600 வினாடியால் வகுத்தால் கிலோவாட் வந்துவிடும். அது 4.5 என்று வைப்போம். ஒரு கனமீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 1.2 கிலோஜூல் ஆகும். வெளியேறும் காற்று 20 டிகிரிக்குமேல் சூடாகக் கூடாது என்றால் மணிக்கு 675 கனமீட்டர் தேவை.

இந்த எண் கேட்லாக்கில் சுலபமாகக் கிடைக்கும். சிக்கல் அங்கே இல்லை. அந்தக் காற்று டிரம்மைத் தொட்டுக்கொண்டு போகிறதா என்பதுதான் கேள்வி. பிரேக்கிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மாட்டிய ஃபேனின் காற்றில் பாதிக்குமேல் பக்கவாட்டில் ஓடிவிடும். சின்ன டக்ட் போட்டு, டிரம்மின் உட்குழிவுக்கோ டிஸ்க்கின் மையத்துக்கோ நேராக விட்டால் பாதி அளவு ஃபேனே அதிக வேலை செய்யும். சூடான காற்று வெளியேற வழியும் வேண்டும். இல்லையென்றால் அதே காற்றைத்தான் ஃபேன் மறுபடி மறுபடி சுற்றிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் அடிக்கும் காற்று டிஸ்க்குக்கு நல்லதில்லை. ஒரு முகம் குளிர்ந்து மறுமுகம் சுட்டால் தட்டு கிண்ணம் போல வளையும். முடிந்தவரை இரு முகத்துக்கும் காற்றைப் பிரித்துக் கொடுங்கள்.

உள்ளே காற்றுவழி உள்ள டிஸ்க் போட்டால் ஃபேனே தேவையில்லையா?

சில இடங்களில் தேவையில்லை. இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஆரவாக்கில் தடுப்புகள் வைத்த டிஸ்க், சுழலும்போது தானே ஒரு பம்ப் ஆகிவிடுகிறது. மையத்தில் காற்றை இழுத்து விளிம்பில் வீசுகிறது. காற்றுபடும் பரப்பும் கூடுகிறது. மோட்டார் தண்டில் 1,000, 1,500 சுற்றில் ஓடும் டிஸ்க்குக்கு இது அருமையான ஏற்பாடு.

ஆனால் அது ஓடினால்தான் ஊதும். சுமை இறங்கி முடிந்து டிஸ்க் உச்சச் சூட்டில் இருக்கும் அந்த நேரத்தில் எந்திரம் நின்றுவிடுகிறது, பம்பும் நின்றுவிடுகிறது. கயிற்று டிரம் பக்கம், மெதுவாகச் சுழலும் தண்டில் மாட்டிய டிஸ்க்கிலும் இதே கதைதான். நிமிடத்துக்கு 10, 20 சுற்றில் எந்தத் தடுப்பும் காற்றை இழுக்காது. இந்த இரண்டுக்கும் தனி மோட்டாருள்ள ஃபேன் வேண்டும்.

டிரம் சூடானால் ஷூ இடைவெளிக்கு என்ன ஆகும்?

கிரேன் டிரம் பிரேக்கில் ஷூ வெளியிலிருந்து பிடிக்கிறது. டிரம் சூடாகி விரிந்தால் அது ஷூவை நோக்கி வரும். 400 மி.மீ. வார்ப்பிரும்பு டிரம் 200 டிகிரி ஏறினால் விட்டம் 0.88 மி.மீ. கூடும், பக்கத்துக்கு 0.44. ஷூ இடைவெளியே பெரும்பாலும் ஒரு மி.மீ. அளவில்தான் வைத்திருப்பார்கள். அதில் பாதி போய்விட்டது.

இடைவெளி சமமாக இல்லாமல் ஒரு ஷூ 0.4லும் மற்றது 1.2லும் இருந்தால்? பிரேக் திறந்திருக்கும்போதே நெருங்கியிருக்கும் ஷூ டிரம்மைத் தொடும். தொட்டால் சூடு, சூட்டால் மேலும் விரிவு, விரிவால் மேலும் அழுத்தம். காலையில் சரியாக இருந்த பிரேக் மதியத்தில் புகைவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். குளிர்ந்தபின் போய் அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும், ஆளைக் குழப்பும். சூடாக இருக்கும்போதே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குமுன் சுமையைத் தரையில் இறக்கி, சப்ளையைத் துண்டித்துப் பூட்டிவிடுங்கள். பிரேக்கைக் கையால் திறக்கும் லீவர் இருந்தால்தான் இந்த அளவு எடுக்க முடியும்.

வண்டிச் சக்கரத்தில் இருப்பது போல உள்ளிருந்து விரியும் ஷூ என்றால் நிலைமை தலைகீழ்: டிரம் விரிந்து விலகிப் போகும், பிடிப்பு தாமதமாகும்.

சூடு ஆறுவதில் ஏதாவது ஆபத்து உண்டா?

உண்டு; இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. பட்டை பிரேக் உள்ள விஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். சூடான டிரம்மில் லீவரை அழுத்திப் பூட்டி, சுமையைத் தொங்கவிட்டு ஆபரேட்டர் நகர்கிறார். 600 மி.மீ. டிரம் 150 டிகிரி குளிர்ந்தால் அதன் விட்டம் ஒரு மி.மீ. சுருங்கும். 270 பாகை சுற்றியுள்ள பட்டைக்கு அதனால் கிடைக்கும் தொய்வு 2.3 மி.மீ. பட்டையும் சுருங்குமே என்று கேட்கலாம். நடுவில் லைனிங் இருப்பதால் பட்டை அவ்வளவு சூடாகியிருக்காது. எனவே அவ்வளவு சுருங்கவும் செய்யாது.

ஸ்பிரிங் அழுத்தும் பிரேக்கில் ஸ்பிரிங்கே இந்தத் தொய்வை எடுத்துக்கொள்ளும். லீவரைப் பல்லிலோ திருகிலோ பூட்டும் வகையில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. சுமை மெதுவாக நழுவத் தொடங்கும். ஃபேன் வைத்து வேகமாகக் குளிரவிட்டால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இத்தகைய விஞ்சில் சுமையைத் தொங்கவிட்டு யாரும் விலகக் கூடாது. வேறு வழியே இல்லையென்றால் டிரம்மை ராச்செட் கொக்கியால் (pawl) பூட்டுங்கள். ராச்செட் பல்லில் விழுந்து டிரம் சுற்றாமல் நிறுத்தும் அந்தக் கொக்கி வெப்பத்தைப் பற்றிக் கவலைப்படாது.

எத்தனை டிகிரிக்குமேல் பிரேக் பிடிக்காது?

லைனிங்கைப் பொறுத்தது. ரெசின் கலந்து அழுத்திச் செய்த சாதாரண லைனிங், பெரும்பாலும் 200 முதல் 300 டிகிரிக்குள் பிடிப்பை இழக்கத் தொடங்கும். ரெசின் சிதைந்து வாயுவாக வெளியேறி உரசும் இடத்துக்கு நடுவே புகுந்துகொள்கிறது. சின்டர் உலோக (உலோகத்தூளைச் சுட்டு இறுக்கிய) பேட் இதைவிட நிறையத் தாங்கும். சரியான எல்லை லைனிங்கோடு வரும் தாளில் இருக்கும்; அதுதான் முடிவான எண்.

இந்த இழப்பு எவ்வளவு மோசம் என்று ஒரு கணக்கு. அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) பி30.2 தரம், உரசும் பிரேக் அல்லாத வேறு வழியில் இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் கிரேனுக்கு, பிடித்து வைக்கும் பிரேக்கின் டார்க் (திருப்புவிசை) முழுச் சுமைக்குத் தேவையானதில் 125 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. உராய்வுக் குணகம் 0.4லிருந்து 0.3க்கு இறங்கினால் அந்த 125, 94 ஆகிவிடும். கையிருப்பு மொத்தமும் போய், சுமையைத் தாங்கவே பற்றவில்லை. கியர் உராய்வு கொஞ்சம் கை கொடுக்கலாம். அதை நம்பி யாரும் கீழே நிற்கக் கூடாது.

எவ்வளவு சூடானது என்று பிறகு கண்டுபிடிக்க முடியுமா?

டிரம்மே சொல்லும். எஃகு சூடாகும்போது மேலே நிறம் பிடிக்கும்: 220, 230 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள், 280 வாக்கில் ஊதா, 300 வாக்கில் நீலம். டிரம்மின் விளிம்பில், ஷூ உரசாத குறுகிய வளையத்தில் இதைத் தேடுங்கள். உரசும் முகத்தில் நிறம் தேய்ந்துபோயிருக்கும். முகத்தில் திட்டுத் திட்டாகக் கறுநீலப் புள்ளிகளும் அவற்றைச் சுற்றி மயிரிழை வெடிப்புகளும் தெரிந்தால், அங்கே இரும்பு செக்கச் சிவக்கும் அளவு சூடாகிச் சட்டென்று குளிர்ந்து கெட்டிப்பட்டிருக்கிறது. லைனிங் முகம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் அதுவும் சூட்டின் தடம்தான்.

இன்ஃப்ராரெட் கன்னில் 90 டிகிரிதான் காட்டுகிறது, ஆனால் புகை வருகிறது. ஏன்?

பளபளக்கும் உலோகம் கதிர்வீச்சைக் குறைவாகவே வெளியிடும். கருவியோ, எதிரே இருப்பது கறுப்புப் பொருள் என்று நினைத்துக் கணக்குப் போடுகிறது. அதனால் உண்மையைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும். டிரம்மின் பக்கத் தட்டில், உரசாத இடத்தில், வெப்பம் தாங்கும் மங்கலான கறுப்புப் பெயின்ட் ஒரு பட்டை அடித்து அங்கே குறிவையுங்கள். நிரந்தரமாகக் கண்காணிக்க வேண்டுமானால் லைனிங்குக்குள், உரசும் முகத்துக்குச் சில மி.மீ. பின்னால், தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் உணரி) பதிப்பதுதான் நம்பகமான வழி.

கறுப்புப் பெயின்டால் இன்னொரு சின்ன ஆதாயமும் உண்டு. 300 டிகிரியில் உள்ள கறுத்த பரப்பு, ஒரு சதுர மீட்டருக்கு 4.5 கிலோவாட் அளவுக்கு வெறும் கதிர்வீச்சாகவே இழக்கும். 100 டிகிரியில் அது அரை கிலோவாட்தான். உரசும் முகத்தில் மட்டும் பெயின்ட் படவே கூடாது.

பாதுகாப்பு மூடி காற்றைத் தடுக்கிறது. கழற்றி வைக்கலாமா?

கூடாது. சுழலும் டிரம்முக்கு மூடி வேண்டும். தகர மூடிக்குப் பதில் விரல் நுழையாத கம்பிவலை மூடி போடலாம். தகரமே வேண்டும் என்றால் அடியிலும் உச்சியிலும் சாய்பலகைத் திறப்பு வையுங்கள். சூடான காற்று மேலே போக, கீழிருந்து புதுக்காற்று தானே வரும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்தால் பெரிதாகப் பயனில்லை.

அவசரத்துக்குக் கம்ப்ரஸர் ஹோஸை வைத்து ஊதலாமா? தண்ணீர்?

இரண்டும் வேண்டாம். ஹோஸ் காற்று பிரேக் தூசியை ஆள் முகத்துக்குக் கிளப்பும். பழைய எந்திரங்களின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாகத் திரும்பும். கம்ப்ரஸர் காற்றில் எண்ணெய்த் துளியும் வரும். தூசியை எடுக்க நுண்வடிகட்டி உள்ள வாக்குவம் அல்லது ஈரத்துணி.

சுடும் வார்ப்பிரும்பில் தண்ணீர் ஊற்றினால் மேல்தோல் மட்டும் சட்டென்று சுருங்கி வெடிப்பு விழும். லைனிங்கும் ஈரமாகி, காயும்வரை பிடிக்காது.

ஃபேன் இழுக்கும் காற்றில் தூசியும் எண்ணெயும் இருந்தால்?

ஃபேன் நன்மையைவிடத் தீமையே செய்யும். கியர்பாக்ஸ் மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில் ஃபேன் வாய் இருந்தால் எண்ணெய்ப் புகையை இழுத்து நேராக டிரம்மில் பூசிவிடும். வாயைத் தள்ளி வைத்து ஃபில்டர் போடுங்கள். ஃபில்டர் போட்டால் அதைச் சுத்தம் செய்ய ஆளும் நாளும் குறித்துவையுங்கள். அடைத்துப்போன ஃபில்டரோடு ஓடும் ஃபேன் சத்தம் மட்டும்தான் போடும். திறந்தவெளியில் மழைச்சாரலை இழுக்காதபடி வாய் கீழ்நோக்கி இருக்கட்டும்.

ஃபேன் நின்றுபோனால் எப்படித் தெரியும்?

ஃபேன் கான்டாக்டர் (ஃபேனுக்கு மின்சாரம் விடும் ஸ்விட்ச்) ஆன் ஆகியிருப்பது போதுமான சான்று கிடையாது. பெல்ட் அறுந்தாலும், இறக்கை கழன்றாலும், டக்ட் அடைத்தாலும் கான்டாக்டர் ஆனில்தான் இருக்கும். டக்டுக்குள் காற்றோட்ட ஸ்விட்ச் வைத்து, காற்று இல்லையென்றால் எச்சரிக்கை வரும்படி செய்யுங்கள். அப்போது கிரேனை உடனே நிறுத்தும்படி இணைக்காதீர்கள். சுமை நடுவானில் இருக்கும்போது டிரிப் ஆவது இன்னொரு தலைவலி. கையிலுள்ள சுமையை இறக்கவிட்டு, அடுத்த தூக்கலைத் தடுப்பதே முறை.

எடி கரண்ட் பிரேக் போட்டால் உரசும் பிரேக்கே வேண்டாமா?

வேண்டும். எடி கரண்ட் பிரேக் (சுழலும் ரோட்டரைக் காந்தப்புலத்தால் தடுப்பது) உரசாது, தேயாது; ஆனால் சுழற்சி இருந்தால்தான் அதற்கு விசை. நின்ற சுமையை அதனால் பிடிக்க முடியாது. வேகத்தைக் குறைக்க அது, பிடித்து வைக்க உரசும் பிரேக் என்பதே ஏற்பாடு. வெப்பம் காணாமல் போவதில்லை, எடி கரண்ட் பிரேக்கின் ரோட்டருக்கு இடம் மாறுகிறது. அதற்கும் ஃபேனோ தண்ணீரோ வேண்டும்.

மோட்டாருக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க் பிரேக், பிரேக் போடாத நேரத்திலும் சுடுகிறதே?

அது காயிலின் (பிரேக்கைத் திறக்கும் மின்காந்தச் சுருளின்) சூடாக இருக்கலாம். மின்சாரம் போனால் மூடும் பிரேக்கில், திறந்து வைத்திருக்கும் நேரமெல்லாம் காயிலில் மின்சாரம் ஓடுகிறது. திறக்கும்போது முழு மின்னழுத்தம், திறந்தபின் குறைந்த மின்னழுத்தம் என்று மாற்றும் ரெக்டிஃபையர் இதற்காகவே வருகிறது. அது கெட்டு முழு அழுத்தத்திலேயே நின்றால் காயில் வெந்துவிடும்.

இன்னொரு விஷயம்: இந்த வகை பிரேக் பெரும்பாலும் மோட்டார் தண்டில் மாட்டிய ஃபேனின் காற்றில்தான் குளிர்கிறது. இன்வெர்ட்டர் வைத்து மோட்டாரைக் கால்வாசி வேகத்தில் ஓட்டினால் ஃபேனும் கால்வாசி வேகம்தான். மெதுவாக நெடுநேரம் ஓட்டும் வேலை என்றால் தனி மோட்டாருள்ள ஃபேனாக மாற்றிக்கொள்ளுங்கள்.

காற்று போதாது, தண்ணீர்க் குளிரூட்டலுக்குப் போக வேண்டும் என்று எப்போது முடிவெடுப்பது?

20 கிலோவாட்டைத் தொடர்ந்து எடுக்க வேண்டும், வெளியேறும் காற்றோ நீரோ 30 டிகிரிதான் சூடாகலாம் என்று வைத்தால், காற்று மணிக்கு 2,000 கனமீட்டர் வேண்டும். தண்ணீர் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கும் குறைவு. எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குகளின் பெரிய விஞ்சுகளில் டிரம் விளிம்புக்குள் தண்ணீர் ஓடவிட்டது இதனால்தான். ஆயிரக்கணக்கான மீட்டர் குழாயை இறக்கும் சூட்டைக் காற்றால் சமாளிக்க முடியாது.

தண்ணீர் வந்தால் கசிவு, உப்புப்படிவு, உறைவு எல்லாம் கூடவே வரும். என் கருத்து இது: சராசரி வெப்பம் சில கிலோவாட்டுக்குள் இருந்தால் காற்று, அதைத் தாண்டினால் தண்ணீருக்குப் போவதற்கு முன், இறக்கத்தை மோட்டாரே பிடிக்கும்படி மாற்ற முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும்.

மலைமேல், உலைப்பக்கம் இருக்கும் கிரேனுக்கு ஏதாவது மாற்றம்?

3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால்வாசிதான். அதே ஃபேன் அதே கனமீட்டரைத் தள்ளும், ஆனால் அது சுமக்கும் வெப்பம் கால்பங்கு குறையும். உலைக்கு மேலே ஓடும் கிரேனில் சுற்றுக்காற்றே 50, 60 டிகிரி. அங்கே கீழிருந்து வரும் கதிர்வீச்சைத் தடுக்கத் தகடு போட்டு, ஃபேனுக்கு வேறு இடத்திலிருந்து குளிர்ந்த காற்றைக் குழாயில் கொண்டுவர வேண்டும். உலைக்காற்றையே ஊதுவதில் பெரிய பயன் இல்லை.

கைச்சங்கிலி ஹாய்ஸ்ட்டுக்கு இதெல்லாம் உண்டா?

அதில் உள்ள லோட் பிரேக் இறக்கம் முழுக்க உரசிக்கொண்டேதான் இருக்கும், வடிவமைப்பே அப்படி. கை வேகத்தில் இறக்கும்வரை கவலை இல்லை. உயரமான இடத்திலிருந்து கனமான சுமையை நிறுத்தாமல் இறக்கும்போது மட்டும் நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்கள். ஃபேன் எல்லாம் வேண்டாம்.

வேலை முடிந்ததும் ஃபேனை உடனே அணைத்துவிடலாமா?

அணைக்காதீர்கள். எந்திரம் நின்ற பிறகு சூடு மெல்ல ஹப், தண்டு, பேரிங் கிரீஸ், கியர்பாக்ஸ் சீல் என்று பரவும். பேரிங்கின் உச்சச் சூடு பெரும்பாலும் நின்று சில நிமிடம் கழித்துத்தான் வரும். ஃபேனுக்கு ஒரு டைமர் போட்டு 15, 20 நிமிடம் கூடுதலாக ஓடவிடுங்கள். தெர்மோகப்பிள் இருந்தால் டிரம் 60 டிகிரிக்கு இறங்கியதும் தானே நிற்கும்படி இணைக்கலாம். கையால் பூட்டிய பட்டை பிரேக்கில் சுமை தொங்கினால் மட்டும் முதலில் சுமையைத் தரையில் இறக்குங்கள், ஃபேன் அதற்கப்புறம்.